அம்மாவின் தாலாட்டை வெளியிட்ட கதை: மொத்தச் செலவு 2,340 ரூபாய்

என் மகளுக்கு அம்மா பாடும் தாலாட்டு, குடும்பத்து வாட்ஸ்அப்பில் மூன்று வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னணியில் குக்கர் விசில். அதை ஒழுங்காகப் பதிவுசெய்து, எல்லாப் பாடல் தளங்களிலும் வரும்படி நானே வெளியிடுவது என்று பொங்கல் விடுமுறையில் முடிவெடுத்தேன்.

மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் நண்பரிடம் இரவல் வாங்கினேன். வாடகையாக அரைக் கிலோ அல்வா, 250 ரூபாய். மைக் தாங்கி 750, கேபிள் 390. பதிவுக்கு ரீப்பர் மென்பொருள். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அதற்குமேல் தனிநபர் உரிமம் 60 டாலர். 41 நாளில் வேலையை முடித்துவிட்டேன் என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். அடுத்த பாட்டுக்குக் கட்டிவிடுவேன்.

படுக்கையறையில் பீரோவைத் திறந்துவைத்து, கதவுகளில் கம்பளிகளைத் தொங்கவிட்டேன். புடவைகள் எதிரொலியை நன்றாகவே விழுங்கின. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. இரவு 11 மணிக்குமேல் தெருவும் அடங்கியது. எல்லாம் சரி, அம்மாவுக்குத்தான் பாட்டு வரவில்லை. நான்கு முறை பாடினார். நான்கும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் இருந்தன. கடைசியில் எழுந்துவிட்டார். “சுவரைப் பார்த்துத் தாலாட்டுப் பாடச் சொல்கிறாயே, பிள்ளை எங்கேப்பா?”

பிள்ளை கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இப்போது ஐந்து வயது. பழைய கொக்கியில் புடவைத் தொட்டில் கட்டி, உள்ளே தலையணையைப் போட்டேன். அம்மா ஒரு கையால் ஆட்டத் தொடங்கியதும் குரல் தானாக இறங்கி வந்தது. கொக்கி ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ‘கிறீச்’ என்றது. எண்ணெய் போட எழுந்தவன், அந்தச் சத்தம்தான் பாட்டின் தாளம் என்று புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். வெளியான பதிவிலும் அது இருக்கிறது.

சுருதி இன்னொரு தொல்லை. கைப்பேசித் தம்புராவை 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) வைத்தேன், மேலே எட்டவில்லை. நாலரைக் கட்டைக்கு இறக்கி, ஒரு காதில் மட்டும் மெல்லக் கேட்கும்படி வைத்ததும் குரல் சுருதியில் நின்றது. துணை வாத்தியம் என் கிட்டார். நாலரைக் கட்டைக்குக் கிட்டாரில் இரண்டாம் கட்டத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் முதல், ஆறாம் கம்பிகள் ‘ச’. இரண்டாம் கம்பி ‘ப’. முதலில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளை வாசித்துப் பார்த்தேன். தாலாட்டு தேவாலயக் கீதம்போல் ஆகிவிட்டது. எனவே ச, ப மட்டும், தொட்டில் திரும்பும் இடங்களில். இதற்காகக் கம்பிகளை மாற்றிய செலவு 450.

ஒலிக்கலவையில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஸ்பாட்டிஃபை பாடல்களை மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கான அலகு) என்ற அளவை ஒட்டிச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. தாலாட்டைக் கத்தவைக்க வேண்டியதில்லை.

பாட்டைத் தளங்களுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகச் சேவையைத் தேர்வதில்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. ஆண்டுச் சந்தா முறை அடிக்கடி வெளியிடுபவர்களுக்கு ஏற்றது. சந்தா நின்றால் பாட்டு இறங்கிவிடும் அபாயமும் உண்டு. சிடி பேபி ஒருமுறை கட்டணம் வாங்கி, வருமானத்தில் 9 சதவீதம் எடுக்கிறது. ரவுட்நோட்டின் இலவசத் திட்டத்தில் முன்பணம் இல்லை, 15 சதவீதம் அவர்களுக்கு. ஆண்டுக்கு ஒரு பாட்டுப் போடுகிற ஆளுக்குக் கமிஷன் முறையே போதும் என்று அவ்வகைச் சேவை ஒன்றில் சேர்ந்தேன். பதிவை அடையாளம் காட்டும் 12 எழுத்து ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

அட்டைப்படத்தை ஒரு கல்லூரி மாணவி 500 ரூபாய்க்கு வரைந்து தந்தார். 3000க்கு 3000 பிக்சல், சதுரம். நான் புத்திசாலித்தனமாக என் யூடியூப் முகவரியை மூலையில் எழுதி அனுப்ப, உடனே நிராகரித்துவிட்டார்கள். படத்தில் இணைய முகவரி, விலை, தொலைபேசி எண் எதுவும் கூடாது. பாடலாசிரியர் கட்டத்தில் ‘மரபுப் பாடல்’ என்று போட்டேன். நம் பதிவை மற்றவர் வீடியோக்களில் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூப் கன்டென்ட் ஐடி வேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்றேன். இன்னொரு பாட்டி இதே வரிகளைப் பாடிப் பதிவேற்றினால் நான் உரிமை கொண்டாடுவதா?

வெளியீட்டு நாளை நான்கு வாரம் தள்ளி வைத்தேன். பாடல் பட்டியல்களைத் தொகுக்கும் ஸ்பாட்டிஃபையின் ஆசிரியர் குழுவுக்குப் பாட்டைப் பரிந்துரைப்பதானால் குறைந்தது 7 நாள் முன்னதாக அனுப்ப வேண்டும். அனுப்பினேன், பதில் இல்லை. வெளியான அன்று ஒரு தளத்தில் அம்மாவின் தாலாட்டு, அதே பெயர் கொண்ட ஒரு நடனப் பாடகியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. விண்ணப்பித்து மாற்ற ஒன்பது நாளாயிற்று. அதற்குள் அங்கே 31 பேர் கேட்டிருந்தார்கள். பாவம், ஆட வந்தவர்கள்.

இரண்டு மாதத்தில் மொத்தம் 412 முறை. ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்துக்குள் ஒரு பாட்டு 1000 முறை கேட்கப்பட்டால்தான் பணம் சேரும் என்பது 2024 முதல் உள்ள விதி. ஆகவே அங்கே வரவு பூஜ்யம். அதைவிடப் பெரிய சிக்கல் பெரிய மாமா. தாலாட்டில் மாமன்மார் சீர் கொண்டுவரும் இடத்தில் அம்மா சின்ன மாமாவைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டார். “என் தங்கைக்கு நான் வாங்கிப்போட்ட வெள்ளிக் கொலுசு எங்கே போயிற்று?” என்று மதுரையிலிருந்து போன் வந்தது.

வெளியான பதிவில் ஒலியை மாற்ற முடியாது. புதிதாகப் பாடி, புதிய ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணோடு தனியாகத்தான் ஏற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மைக் திரும்ப வருகிறது. அல்வா இந்த முறை பெரிய மாமா செலவு.