டீசல் வண்டியில் 2,000 ரூபாய்க்குப் பெட்ரோல்

பெரம்பலூரில் காதுகுத்து. ஞாயிறு விடியற்காலை சென்னையிலிருந்து கிளம்பி, திண்டிவனம் தாண்டி ஒரு பங்க்கில் நிறுத்தினேன். "ரெண்டாயிரத்துக்குப் போடுங்க" என்று மட்டும் சொன்னேன், டீசல் என்று சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பம். (மூடியிலேயே டீசல் என்று ஒட்டியிருக்கிறது, அதை அந்தப் பையனும் பார்க்கவில்லை.) ஜிபேயில் பணம் அனுப்பிவிட்டு சாவியில் கை வைத்தபோது பக்கத்தில் இருந்த அப்பா கேட்டார், "ஏண்டா, டீசல் எப்ப நூறைத் தாண்டுச்சு?" மெஷினில் லிட்டர் நூறு ரூபாய் சொச்சம் என்று ஓடியிருந்தது.

சாவியைத் திருப்பாமல் விட்டேனே, அன்று முழுக்க நான் ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். ஸ்டார்ட் செய்யாவிட்டாலும், ஏசிக்காகவோ கண்ணாடி இறக்கவோ இக்னிஷனை ஆன் செய்தாலே சில வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடி பெட்ரோலை லைனுக்குள் தள்ளிவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரமாக விட்டோம்.

அதற்குள் ஆளாளுக்கு யோசனை. "மேல டீசலை ஃபுல் பண்ணுங்க அண்ணே, ஓடிடும்." பழைய காலத்து எஞ்சின் ஒருவேளை தாங்கியிருக்கும். இப்போதைய காமன் ரெயில் வண்டிகளில் (டீசலை ஒரு பொதுக் குழாயில் அதிக அழுத்தத்தில் ஏற்றி வைப்பவை) ஹை பிரஷர் பம்புக்கு டீசலேதான் எண்ணெய் மாதிரி, பெட்ரோலுக்கு அந்த வழவழப்பு கிடையாது. இரும்போடு இரும்பு உரசி, அந்தத் தூள், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் வரைக்கும் போய்ச் சேரும். இந்த யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அப்புறம்தான் கூத்து. மேனேஜர் முதலில் "நீங்கதான் சார் பெட்ரோல்னு சொன்னீங்க" என்றார், கொஞ்ச நேரத்தில் "பெட்ரோல்தான் போட்டாங்கன்னு என்ன ஆதாரம்?" என்று மாற்றிக்கொண்டார். இடையில் ஒரு பைக் வந்து போட்டுவிட்டுப் போனதில் மெஷினில் இருந்த கணக்கும் போய்விட்டது. பில் வாங்கவில்லை, ஜிபேயில் தொகை மட்டும்தான் இருக்கும், என்ன போட்டார்கள் என்று இருக்காது. முக்கால் மணி நேரம் கத்தினேன். கடைசியில் கேஷில் இருந்த அக்கா, "பழைய பில்லை எடுக்கலாமே சார்" என்று மெதுவாகச் சொல்லி, தானே பிரிண்ட் போட்டும் கொடுத்துவிட்டார். எம்.எஸ். என்று தெளிவாக அச்சாகியிருந்தது. பெட்ரோலுக்கு எம்.எஸ்., டீசலுக்கு எச்.எஸ்.டி. அதைப் பார்த்ததும் மேனேஜரின் குரல் இறங்கியதே, அதைப் பார்க்கவே அவ்வளவு நேரம் நின்றது தகும்.

வீட்டுக்காரியையும் குழந்தையையும் அப்பாவோடு பஸ் ஏற்றிவிட்டு, இன்சூரன்ஸில் சேர்த்திருந்த சாலை உதவிக்குப் போன் செய்தேன். இரண்டரை மணி நேரம் கழித்து ரெக்கவரி வண்டி வந்தது. நேராக விழுப்புரத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனால் கேட்டில் பூட்டு. வாட்ச்மேன், "நாளைக்கு வாங்க, இன்னிக்கு உள்ள விட உத்தரவில்ல." கிளம்பும் முன் ஒரு போன் போட்டிருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. ரெக்கவரி டிரைவரோ ஒரு இடத்துக்குத்தான் கணக்கு, வேறு இடம் என்றால் தனிக் காசு என்றார். வாசல் புளியமரத்தடியில் இறக்கிவிட்டு லாட்ஜ் தேடினேன். காதுகுத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தேன்.

திங்கள் காலை எஸ்டிமேட் கையில் வந்தது: பம்ப், ரெயில், நான்கு இன்ஜெக்டர், எல்லாம் புதுசு, ஒரு லட்சத்துக்கு மேல். "வண்டியை ஸ்டார்ட்டே பண்ணலையே" என்று எத்தனை தடவை சொன்னாலும், எதற்கும் மாற்றிவிடுவது நல்லது என்றே பதில். இன்சூரன்ஸில் கேட்டால், இது விபத்து இல்லை, இழுத்து வந்த செலவோடு சரி என்றார்கள்.

லாட்ஜ்காரர் காட்டிய டீசல் மெக்கானிக் அரை நாளில் முடித்தார். டேங்கைக் கழற்றி மொத்தமும் வடித்து, லைனை டீசல் விட்டு அலசி, ஃபில்டர் மாற்றி, காற்றெடுத்து, இரண்டாவது செல்ஃபில் எஞ்சின் பிடித்தது. 5,200 ரூபாய். வடித்ததைக் கேனில் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டதற்கு ஒரு முறை முறைத்தார் பாருங்கள்! டீசலாகத் தெரிந்தாலும் பெட்ரோல் மாதிரியே பற்றிக்கொள்ளுமாம்.

திரும்பி வரும் வழியில் பில்லோடு பங்க்கில் இறங்கினேன். 2,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்கள். மெக்கானிக் செலவுக்கு, "ஓனரைக் கேட்டுட்டுக் கூப்பிடறோம் சார்." பதினோரு நாளாயிற்று.