லண்டன் – பாரிஸ்: போக விமானம், வர ரயில்

மே 8, 2025, வியாழன்
நாளைக்கு பாரிஸ், சித்தப்பா வீட்டுக்கு. நேர்கோட்டுல பாத்தா 344 கிலோமீட்டர்தான், கிட்டத்தட்ட சென்னைல இருந்து திருச்சி போற தூரம். டிக்கெட்ல 1 மணி 15 நிமிஷம்னு போட்டிருக்கு. ஜெட் விமானம் 800 கிமீ வேகத்துல பறக்கும்னா அரை மணி நேரம் கூட ஆகக்கூடாதே, மிச்ச நேரம் எங்க போகுதுன்னு நாளைக்கு பாத்துடணும்.

மே 9, வெள்ளி
பாத்தாச்சு. டிக்கெட்ல இருக்கறது பறக்கற நேரமே இல்ல, விமானம் ஏறற கேட்டை விட்டு நகர்றதுல இருந்து அந்தப்பக்கம் கேட்ல போய் நிக்கற வரைக்கும் உள்ள நேரம். ஹீத்ரோ ஏர்போர்ட்ல ரன்வேக்கு வரிசைல நின்னு நின்னு போறதுக்கே இருபது நிமிஷம், மேல ஏறி முடிச்சு தண்ணி பாட்டில் குடுத்துட்டு வர்றாங்க, பாதி சீட்டு கூட தாண்டல, அதுக்குள்ள கேப்டன் இறங்கப்போறோம்னு சொல்லிட்டார், சீரான உயரத்துல பறந்தது கொஞ்ச நேரம்தான். பாரிஸ் ஏர்போர்ட் சார்ல் து கோல்ல இறங்கினப்புறமும் கேட்டுக்குப் போற டாக்ஸிவேல ஊர்ந்துகிட்டே இருக்கு.

திரும்பி வர்றவங்களுக்கு இன்னொரு தலைவலி. ஹீத்ரோல கூட்டமா இருந்தா இறங்க விடாம வானத்துலயே சுத்த விடுவாங்க, அதுக்குன்னே பாவிங்டன், லாம்போர்ன், பிகின், ஆக்கம்னு நாலு இடம் இருக்கு. அந்த நேரத்தையும் உத்தேசமா சேத்துதான் ஏர்லைன்ஸ்காரங்க டைம்டேபிள் போடறாங்க.

லண்டன்ல எங்க வீடு இருக்கற ஈஸ்ட் ஹாம்ல இருந்து ஹீத்ரோ ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம் முன்னாடி போகணும், பறந்து இறங்கி பாஸ்போர்ட் க்யூ, அப்புறம் ஆர்இஆர் பிங்கற புறநகர் ரயில்ல பாரிஸ் நடுவுல இருக்கற கார் து நோர் ஸ்டேஷன் வரைக்கும் அரை மணி நேரத்துக்கு மேல. கூட்டிப்பாத்தா ஆறு மணி நேரம். இதப்போய் 1 மணி 15 நிமிஷம்னு சொன்னா எப்படி?

மே 11, ஞாயிறு
சித்தப்பா பாண்டிச்சேரில இருந்து இங்க வந்த காலத்துல கடலுக்கடியில சுரங்கமே கிடையாது, லண்டன் போகணும்னா ரயில், கப்பல், மறுபடி ரயில்னு ஒரு நாள் போயிடுமாம். "1994ல சுரங்கம் திறந்தப்புறம்தாம்மா உங்க ஊரு பக்கத்துல வந்துச்சு"ன்னாரு. சாயங்காலம் பாரிஸ்ல நம்ம தமிழ்க் கடைங்க இருக்கற லா ஷப்பேல்ல காய்கறி வாங்கினோம். அந்த சுரங்கம் வழியா லண்டன் போற யூரோஸ்டார் ரயில் கிளம்பற கார் து நோர் ஸ்டேஷன் அங்கருந்து நடக்கற தூரம்தான்.

மே 12, திங்கள்
ரயில். தண்டவாளத்துல 492 கிமீ, விமானத்த விட நூத்தம்பது கிமீ ஜாஸ்தி, ஆனாலும் 2 மணி 20 நிமிஷத்துல கொண்டுவந்து விட்டுடறான். ரெண்டு நாட்டு பாஸ்போர்ட் செக்கும் ஏறறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது, லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷன்ல இறங்கினா நேரா வெளிய வரவேண்டியதுதான். நிலத்துல 300 கிமீ வேகம், சுரங்கத்துல 160ஆ குறைச்சுடறாங்க, உள்ள நுழைஞ்சதும் காது லேசா அடைக்குது, சுமார் இருபது நிமிஷத்துல இங்கிலாந்து. கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி வச்சேன், பாரிஸ்ல 11 மணிக்கு ஏறினா லண்டன்ல மதியம் பன்னிரண்டரைக்குள்ள இறங்கிடலாம்! அங்கருந்து ஈஸ்ட் ஹாமுக்கு ஒரே டியூப், மாறவே வேணாம். வீட்டுக்கு வீடு நாலரை மணி நேரம் கூட இல்ல.

ஆகஸ்ட் கடைசில லா ஷப்பேல் பிள்ளையார் கோயில் தேருக்கு அம்மாவ கூட்டிட்டு போறேன். முட்டி வலியோட அவங்கள அந்த ஏர்போர்ட்ல அவ்ளோ தூரம் நடக்க விட மாட்டேன், ரெண்டு பக்கமும் ரயில்தான். தள்ளிப்போட்டா விலை ஏறிடும், அதனால இன்னிக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுடறேன்.