சூரியக் கடிகாரத்தடியில் எத்தனை பேர்

16 ஜூலை 2016, சனி

மாலை ஆறு மணிக்குப் பூங்காவுக்குப் போனேன். சூரியக் கடிகாரத்தைச் சுற்றி 41 பேர். நம்ப முடியாமல் இரண்டு முறை எண்ணினேன். வழக்கமாக அந்த மூலையில் கல் பெஞ்சில் ஒரு பெரியவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். இன்று அவருக்கு உட்கார இடமில்லை.

எல்லாரும் போக்கிமான் கோ ஆடுகிறார்கள். கைபேசியோடு வெளியே நடந்து, நிஜ இடங்களில் திரையில் தோன்றும் போக்கிமான் என்ற கற்பனை உயிர்களைப் பிடிக்கும் விளையாட்டு. வெளிவந்து பத்தே நாள்தான் ஆகிறது. சூரியக் கடிகாரம் இப்போது ஒரு ஜிம், அதாவது போக்கிமான்களை மோதவிடும் களம். பக்கத்து நீரூற்றும் பூங்கா வாசலும் ஆட்டத்துக்கு வேண்டிய பொருள்கள் கிடைக்கும் போக்கிஸ்டாப்புகள். இரண்டிலும் யாரோ மாறி மாறி லூர் என்ற, போக்கிமான்களை ஈர்க்கும் தூண்டில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு லூர் அரை மணி நேரம் தாங்கும். அது தீர்வதற்குள் அடுத்தது விழுகிறது.

அந்த மூலை விளையாட்டுக்குள் வந்ததில் எனக்குப் பங்கு உண்டு. 2014-இல் நான் இன்கிரஸ் என்ற, இதேபோல் வெளியே நடந்து ஆடும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தேன். அதில் சிலை, சுவரோவியம், பழைய கட்டடம் என்று எதையாவது படமெடுத்து அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் அது விளையாட்டின் வரைபடத்தில் ஒரு போர்ட்டலாக, அதாவது ஆடும் இடமாக மாறும். நான் அனுப்பியது இந்தச் சூரியக் கடிகாரம். இரண்டையும் செய்த நையாண்டிக் நிறுவனம்தான் இன்கிரஸ் இடங்களை எடுத்து இந்த விளையாட்டுக்கு அடித்தளமாகப் போட்டிருக்கிறது. ஜிம்மைத் தொட்டால் நான் எடுத்த படம் வருகிறது. இடது ஓரத்தில் அந்தப் பெரிய மரம்கூடத் தெரிகிறது.

நம்பவே முடியவில்லை. சந்தோஷமாக இருக்கிறது.

18 ஜூலை 2016, திங்கள்

அலுவலகத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: நாலு நாள் கூத்து. ஒருவர் சட்டென்று பரவி மறைந்த ஃப்ளாப்பி பேர்ட் என்ற கைபேசி விளையாட்டை நினைவுபடுத்தினார். இன்னொருவர் டிரா சம்திங் என்றார். அதுவும் ஒரு கைபேசி விளையாட்டு. 2012-இல் அதைச் செய்த நிறுவனத்தை சிங்கா என்ற பெரிய விளையாட்டு நிறுவனம் ஏறத்தாழ 18 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய கையோடு கூட்டம் கரைந்துபோனது.

நியாயமான உதாரணங்கள்தான். ஆனால் இதன் வரலாறு பத்து நாளில் தொடங்கவில்லை. நையாண்டிக்கின் தலைவர் ஜான் ஹாங்கே முதலில் கீஹோல் என்ற வரைபட நிறுவனத்தை நடத்தினார். கூகுள் அதை வாங்கியது. அதிலிருந்து கூகுள் எர்த் வந்தது. 2010-இல் கூகுளுக்குள்ளேயே நையாண்டிக்கைத் தொடங்கினார், 2015-இல் அது தனியாகப் பிரிந்தது. போக்கிமானோ 1996-இலிருந்து இருக்கிறது. அதையும் அப்போது நாலு நாள் கூத்து என்றுதான் சொன்னார்கள்.

அக்கா மகளிடம் கேட்டேன். பதின்மூன்று வயது. "இது எத்தனை நாள் ஓடும் என்று நினைக்கிறாய்?"

"மாமா, இன்னும் பாதிகூடப் பிடிக்கவில்லை. அதற்குள் ஏன் முடியணும்?"

21 ஜூலை 2016, வியாழன்

வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகமும் ஆர்லிங்டன் தேசியக் கல்லறையும் அங்கே விளையாட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. நாஜிகளின் வதைமுகாம் இருந்த ஆஷ்விட்ஸும்தான். படித்ததிலிருந்து மனம் சரியில்லை. என்னைப் போன்றவர்கள் நல்லெண்ணத்தோடு அனுப்பிய இடங்கள் பல. கவனிக்கத்தக்க இடம் என்றால் அனுப்பு என்பதுதான் அன்றைய பழக்கம். அங்கே ஒருநாள் ஆயிரம் பேர் வந்து நிற்பார்கள் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான்.

மாலையில் பெரியவரிடம் போய்ச் சொன்னேன்: "ஐயா, இந்த இடத்தை விளையாட்டில் சேர்த்ததே நான்தான். மன்னிக்க வேண்டும்."

"அட, பரவாயில்லை தம்பி. இத்தனை பேரில் ஒருத்தராவது அந்த நிழலைப் பார்த்து மணி சொல்லுவாங்களான்னுதான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார்.

26 ஜூலை 2016, செவ்வாய்

நேற்று ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நின்டெண்டோவின் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 18 சதவீதம் விழுந்தது. அதற்கு முன்னால் இரண்டே வாரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. தங்கள் வருமானத்தில் இந்த விளையாட்டின் தாக்கம் குறைவுதான் என்று வெள்ளிக்கிழமை நின்டெண்டோவே அறிவித்தது. போக்கிமான் கம்பெனியில் அவர்களுக்கு 32 சதவீதப் பங்குதான். அதற்கப்புறம்தான் பலர் கணக்கே போட்டுப் பார்த்திருக்கிறார்கள் போல. மோகம் என்றால் இதுதான், பூங்காவில் நிற்பவர்களிடம் நான் பார்ப்பது வேறு.

இன்று 38 பேர்.

2 ஆகஸ்ட் 2016, செவ்வாய்

பக்கத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் காலடித் தடங்களை எடுத்துவிட்டார்கள். முதலில் ஒன்று, இரண்டு, மூன்று தடம் என்று தூரம் காட்டியது. பிறகு பழுதாகி எதைப் பார்த்தாலும் மூன்று தடம். இப்போது தடமே இல்லை. வரைபடத்தில் தேட உதவிய போக்கிவிஷன் தளமும் மூடப்பட்டது.

கோபம்தான் வருகிறது. காலடித் தடம் பார்த்துத் தேடிப்போவதுதான் இந்த விளையாட்டின் உயிர். ஒன்றைத் தேடித் தெருத் தெருவாகத் திரும்புவோம், எதிரே அதையே தேடிவரும் ஒருவரோடு கண் சந்திக்கும், "அந்தப் பக்கம்" என்று அவர் கை காட்டுவார். இனி அது கிடையாது. நின்ற இடத்தில் எது வருகிறதோ அதுதான். எங்கும் கிடைக்கும் சாதாரணப் போக்கிமான்களான பிட்ஜியும் ரட்டாட்டாவும்.

27 பேர்.

24 ஆகஸ்ட் 2016, புதன்

செய்தி வந்துவிட்டது: தினமும் ஆடுகிறவர்கள் ஜூலையில் 4.5 கோடிக்கு அருகில் இருந்தார்களாம், ஆகஸ்ட் நடுவில் 3 கோடிக்குச் சற்று மேல். அலுவலகத்தில் "சொன்னேனா இல்லையா" என்றார்கள். சரி, சொன்னீர்கள்.

ஆனால் எனக்குப் படுவது வேறு. வந்த கூட்டத்தை இந்த விளையாட்டு வைத்துக்கொள்ளத் தெரியாமல் இருக்கிறது. 2015 செப்டம்பரில் வந்த முன்னோட்டக் காணொளியில் நியூயார்க்கின் டைம்ஸ் ஸ்கொயரில் பெருங்கூட்டம் ஒன்றுகூடி மியூடூ என்ற வலிமைமிக்க போக்கிமானை எதிர்த்தது. ஒருவருக்கொருவர் போக்கிமானைப் பரிமாறிக்கொண்டார்கள். கைக்கு வந்த விளையாட்டில் அந்த இரண்டும் இல்லை. நண்பர் பட்டியல்கூடக் கிடையாது. ஆறு வாரமாக ஒரே பூங்காவில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம். யாருக்கு யார் என்று விளையாட்டுக்குத் தெரியாது. இன்று வராவிட்டால் தேட ஆளில்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு மனிதன் எத்தனை நாள் வருவான்?

14 பேர். பெரியவருக்குப் பெஞ்சு திரும்பக் கிடைத்துவிட்டது.

8 செப்டம்பர் 2016, வியாழன்

நேற்று ஆப்பிள் மேடையில் ஹாங்கே சொன்ன கணக்கு: 50 கோடிப் பதிவிறக்கம், எல்லாரும் சேர்ந்து நடந்தது 460 கோடி கிலோமீட்டர். அதில் என் பங்கு 212.

14 டிசம்பர் 2016, புதன்

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு. அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுள்ளவர்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விளையாட்டை நிறுவிய முதல் வாரத்தில் நாளொன்றுக்கு சராசரியாக 955 அடிகள் அதிகம் நடந்தார்கள். அப்புறம் படிப்படியாகக் குறைந்து ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டார்கள்.

ஆறு வாரம். என் பூங்காவின் கணக்கும் அதையேதான் சொல்கிறது. மறுக்க எனக்கு மனமும் இல்லை, ஆதாரமும் இல்லை. ஆனால் சராசரிக்குள் யார் இருக்கிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. நூறு பேரில் தொண்ணூறு பேர் நிறுத்திவிட்டு மீதிப் பத்துப் பேர் இன்னும் நடந்தால், சராசரியில் அந்தப் பத்துப் பேர் தெரியவே மாட்டார்கள்.

இன்று அந்த மூலையில் மூன்று பேர். நான், அக்கா மகள், நீல நிறப் பையோடு வரும் ஒரு பெண்மணி.

19 பிப்ரவரி 2017, ஞாயிறு

பழைய போக்கிமான் விளையாட்டுகளில் வரும் ஜோட்டோ பகுதியின் போக்கிமான்கள் 80-க்கும் மேல் வந்திருக்கின்றன. 19 பேர்! ஆனால் எனக்குத் தெரியும், இது புதுசின் ஈர்ப்பு, மார்ச்சில் இருக்காது.

பெரியவர் ஒரு சிறுவனுக்கு நிழலைக் காட்டிக்கொண்டிருந்தார். பிப்ரவரி நடுவில் சூரியக் கடிகாரம் கைக்கடிகாரத்தைவிடக் கிட்டத்தட்ட 14 நிமிடம் பின்தங்கும், நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும் என்றார். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இல்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது, அதனால்தானாம். மூன்று வருடம் முன்னால் இதைப் படமெடுத்து அனுப்பியவன் நான். இது எனக்குத் தெரியாது.

25 ஜூலை 2017, செவ்வாய்

நிறைய எழுத வேண்டும்.

சனிக்கிழமை சிகாகோவில் போக்கிமான் கோவின் முதல் திருவிழா, கோ ஃபெஸ்ட். கிராண்ட் பார்க்கில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள், பெரும்பாலானவர்களால் விளையாட்டுக்குள் நுழையவே முடியவில்லை. மேடையேறிய ஹாங்கேயைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் ஆளுக்கு 100 டாலர் மதிப்புள்ள விளையாட்டு நாணயங்கள் தருவதாகவும் அறிவித்தார்கள். ஒரு வருடத்துக்கு முன் என்றால் இதோடு கதை முடிந்தது என்று எழுதியிருப்பேன்.

ஆனால் அதே வார இறுதியில் லுகியா என்ற அரிய போக்கிமான் ரெய்டுக்கு வந்தது. பலர் சேர்ந்து ஒரு போக்கிமானை வீழ்த்தும் இந்த ரெய்டு என்ற ஏற்பாடே போன மாதம்தான் வந்தது. ஜிம்மில் ஒரு முட்டை உட்காரும், நேரம் காட்டும், அது பொரியும் வேளைக்கு ஆள் சேர வேண்டும். ஒரு ரெய்டில் 20 பேர் வரை சேரலாம். லுகியாவை ஒற்றை ஆளாக வீழ்த்த முடியாது.

நேற்று மாலை எங்கள் சூரியக் கடிகாரத்தில் முட்டை. ஐந்து பேர்தான் இருந்தோம். போதாது. நீலப் பைப் பெண்மணி யாரையோ அழைத்தார், அவர் இன்னொருவரை அழைத்தார். ஒருவர் ஓடி வந்தார், ஒரு தாயும் மகனும் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கடைசி ஆள் வரும்வரை யாரும் தொடங்கவில்லை. பதினொரு பேர். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினோம், ஜெயித்தோம். பிடிக்கும்போது என்னிடமிருந்து அது தப்பிவிட்டது. அதற்காக மற்ற பத்துப் பேரும் என்னைவிட அதிகம் வருத்தப்பட்டார்கள்.

ஒரு வருடம் பக்கத்தில் நின்றவர்களின் பெயர் நேற்றுத்தான் தெரிந்தது. ஆளுக்கு ஆள் எண் வாங்கிக்கொண்டு ஒரு குழு தொடங்கியாகிவிட்டது.

41 பேரைவிட இந்தப் பதினொரு பேர் எனக்குப் பெரிய எண்ணிக்கை.

30 ஏப்ரல் 2020, வியாழன்

பூங்கா பூட்டிக் கிடக்கிறது. 0.

அக்கா மகள் வெளியூரில் தங்கிப் படிக்கிறாள். அங்கேயே மாட்டிக்கொண்டாள். விளையாட்டுக்குள் நண்பர்களைச் சேர்ப்பது, பரிசு அனுப்புவது எல்லாம் 2018 ஜூனில் வந்தன. அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் எனக்கு ஒரு பரிசு வருகிறது. அதில் அவள் தொட்ட போக்கிஸ்டாப்பின் படம் இருக்கும். தொண்ணூறு நாள் முடிந்து விளையாட்டில் பெஸ்ட் ஃப்ரெண்ட் என்ற நிலைக்கு வந்து நெடுநாள் ஆகிறது. இப்போது விடுதியிலிருந்து கைக்கெட்டும் ஒரே ஸ்டாப்பைத்தான் அனுப்புகிறாள். ஒரே தபால்பெட்டியின் படம், தினமும். அதைப் பார்த்ததும் இன்று எழுந்துவிட்டாள் என்று அக்காவிடம் சொல்வேன்.

27 ஆகஸ்ட் 2021, வெள்ளி

தொற்றுக் காலத்தில் ஸ்டாப்பைத் தொடும் தூரத்தை இரு மடங்காக்கி 80 மீட்டர் ஆக்கியிருந்தார்கள். இந்த மாதம் சில நாடுகளில் அதைப் பழையபடி குறைத்தார்கள். ஆட்டக்காரர்கள் உலகம் முழுவதும் எதிர்த்தார்கள், நானும் கையெழுத்திட்டேன். எங்கள் குழுவில் சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் உண்டு. சூரியக் கடிகாரத்துக்கு ஏற ஆறு படிகள். 80 மீட்டர் என்றால் அவர் கீழேயே இருந்து எங்களோடு ஆடலாம்.

80 மீட்டரே நிலைக்கும் என்று அறிவித்துவிட்டார்கள். செத்துப்போன விளையாட்டுக்காக யாரும் இப்படிச் சண்டை போட மாட்டார்கள்.

1 பிப்ரவரி 2022, செவ்வாய்

நேற்றோடு ஹாரி பாட்டர்: விசார்ட்ஸ் யுனைட் என்ற இதே வகை விளையாட்டு மூடப்பட்டது. 2019 ஜூனில் வந்தது. இன்னொன்றான மைன்கிராஃப்ட் எர்த் போன வருடமே போய்விட்டது. விசார்ட்ஸ் யுனைட் செய்ததில் நையாண்டிக்குக்கும் பங்கு உண்டு. வரைபட அறிவு அதே, பெயரோ உலகமே அறிந்த பெயர். என் சூரியக் கடிகாரம் அதிலும் இருந்தது. நான்கு மாதம் ஆடினேன். அந்த நான்கு மாதத்தில் அதற்காக அங்கே வந்து நின்ற ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை.

பெரியவர் போன மழைக்காலத்தில் காலமானார். குழுவிலிருந்து ஒன்பது பேர் போயிருந்தோம்.

19 மார்ச் 2025, புதன்

நையாண்டிக் தன் விளையாட்டுகளை 350 கோடி டாலருக்கு ஸ்கோப்லி என்ற விளையாட்டு நிறுவனத்துக்கு விற்கிறது என்று போன வாரம் அறிவிப்பு. ஸ்கோப்லியின் உரிமையாளர் சவூதி அரசு முதலீட்டு நிதியின் கீழ் இயங்கும் சாவி (Savvy) கேம்ஸ் நிறுவனம். குழுவில் நாலு நாளாக இதே பேச்சு. விளம்பரம் நுழையுமோ, எங்கள் நடைப் பதிவுகள் எங்கே போகுமோ என்று. எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. நம் கால்தடம் முழுவதையும் ஒரு நிறுவனத்திடம் ஒன்பது வருடம் கொடுத்து வைத்திருக்கிறோம், அது கைமாறும்போது நம்மை யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை ஆறிலிருந்து ஏழு வரை ரெய்டு ஹவர். நீலப் பைப் பெண்மணி வந்திருந்தார். பை இப்போது வேறு. சக்கர நாற்காலி நண்பர் கீழே. சைக்கிளில் அம்மாவோடு வந்த பையனுக்கு மீசை வந்துவிட்டது. வெளியூரிலிருந்து அக்கா மகள் தொலைவிலிருந்தே ரெய்டில் சேரும் ரிமோட் பாஸில் சேர்ந்தாள்.

புதிதாக ஒரு சிறுமி, பத்து வயதிருக்கும். ஜிம்மின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அங்கிள், இதில் ஒரு மரம் இருக்கே, அது எங்கே?"

2019 புயலில் விழுந்தது. அடிமரம் மட்டும் இருக்கிறது, புல்லுக்குள் மறைந்து. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அதன் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"சீக்கிரம் வாங்க, இருபது விநாடிதான் இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஓடினோம். ஒன்பது பேர்.