கிறிஸ்மஸ் தீவுல ஏறி கோக்கோஸ்ல எறங்க எவ்ளோ நேரம்?

ரெண்டு ஏர்போர்ட் பேரப் போட்டா தூரமும் நேரமும் சொல்ற வெப்சைட் நெறைய இருக்குல்ல, எனக்கு அதுல ஒரு கிறுக்கு, யாரும் அதிகம் போகாத ஏர்போர்ட்டா பாத்து தட்டிக்கிட்டே இருப்பேன். அப்படி மாட்டுன ஜோடிதான் இந்தியப் பெருங்கடல்ல இருக்குற கிறிஸ்மஸ் தீவும் கோக்கோஸும். இப்ப ரெண்டுமே ஆஸ்திரேலியாவோடது, ஆனா பிரிட்டிஷ் காலத்துல நம்ம சிங்கப்பூரோட சேத்துதான் நிர்வாகம் பண்ணாங்க, கோக்கோஸ் 1955லயும் கிறிஸ்மஸ் தீவு 1958லயும் கைமாறிடுச்சு.

நடுவுல நேர் தூரம் ஏறக்குறைய 985 கிலோமீட்டர். இந்த மாதிரி கணக்கெல்லாம் பெரும்பாலும் ரொம்ப சிம்பிள், மணிக்கு 800 கிலோமீட்டர்னு வச்சு வகுத்துட்டு ஏற எறங்க அரை மணி நேரம் கூட்டிக்கிட்டா ஒண்ணே முக்கா மணி நேரம் வந்துரும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னெல்லாம் அது பாக்காது. இதுல ஒரு கூத்து என்னன்னா, கிறிஸ்மஸ் தீவு நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி, கோக்கோஸ் அதுக்கும் அரை மணி நேரம் பின்னாடி, அதனால பத்து மணிக்கு கெளம்புனா அங்க கடிகாரத்துல பதினொண்ணே காலுக்கே எறங்கிடுவீங்க, திரும்பி வர்றப்ப ரெண்டே கால் மணி நேரம் ஆன மாதிரி தெரியும்.

சரி, மொதல்ல அங்க போய்ச் சேரணுமே. இங்கருந்து கிறிஸ்மஸ் தீவு கிட்டத்தட்ட 1,300 கிலோமீட்டர்தான், நேரா பறந்தா ரெண்டு மணி நேரக் கதை. ஆனா வழக்கமான பிளேன் வர்றது பெர்த்ல இருந்து, அதுவும் தினமும் கெடயாது. அப்போ இங்கருந்து 3,900 கிலோமீட்டர் தெக்க போயி, அங்க அடுத்த பிளேனுக்கு காத்துக் கெடந்து, மறுபடி 2,600 கிலோமீட்டர் வடமேக்க திரும்பி வரணும். ஈசூன்ல இருக்கற வீட்டுக்குப் போக ஜொகூர் பாருவ சுத்திட்டு வர்ற மாதிரி லா! காத்திருக்குற நேரத்த விட்டுட்டு வானத்துல மட்டுமே எட்டு மணி நேரத்துக்கு மேல ஓடிரும், அதனால கிலோமீட்டர் எவ்ளோன்னு பாக்குறதுக்கு முன்னாடி வாரத்துல எந்த கெழமை பிளேன் இருக்குன்னு பாக்குறதுதான் புத்திசாலித்தனம்.

அந்த கெழமையிலயும் மேகம் கெடுக்கலாம். கிறிஸ்மஸ் தீவு ஏர்போர்ட் கடல் மட்டத்துல இல்ல, மேட்டு நெலத்துல 270 மீட்டருக்கு மேல இருக்கு, மேகம் தாழ்ந்து வந்து ஒக்காந்துட்டா ரன்வே கண்ணுக்கே தெரியாது. பக்கத்துல வேற ஏர்போர்ட்டும் கெடயாது, ஜகார்த்தாவே ஒரு 480 கிலோமீட்டர் தள்ளி. அதனால எறங்க முடியலன்னா வேற எங்கயாச்சும் போறதுக்கும் சேத்து எண்ணெய் தூக்கிட்டு வரணும், அந்த வெயிட்டுக்காக சில சமயம் ஆளையோ சாமானையோ கொறைக்க வேண்டி வரும். கோக்கோஸ்ல இந்த மேட்டுத் தொல்லை கெடயாது, சப்பையான பவளத்தீவு, அங்க இருக்கற கோல்ஃப் மைதானம் ரன்வேயத் தாண்டியே போகுது.