லட்சத்தீவுக்கு அம்மாவோடு போய் வந்தோம்: பெர்மிட் முதல் படகு வரை

அம்மாவுக்கு 64 வயது. கப்பலில் ஒரு ராத்திரியாவது தூங்கிப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகத்தான் லட்சத்தீவைத் தேர்ந்தெடுத்தோம். அம்மா, மனைவி, 10 வயது மகள், நான் என்று நாலு பேர் ஜனவரிக் கடைசியில் போய் வந்தோம். வயதானவர்களையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு உதவட்டும் என்று, பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அங்கே இந்தியர்களும் நினைத்தவுடன் போய் இறங்க முடியாது. 1967-ஆம் வருட விதிப்படி நுழைவு அனுமதி வேண்டும். எல்லோரும் பெர்மிட் என்றுதான் சொல்கிறார்கள். எந்தெந்தத் தீவுக்கு என்று அதில் பெயர் போட்டிருக்கும். பெயர் இல்லாத தீவுக்கு அந்தப் பெர்மிட் செல்லாது. முதலில் எனக்கும் இது கெடுபிடியாகத்தான் பட்டது. மொத்தம் 36 தீவுகள், அதில் ஆள் வசிப்பது 10. எல்லாவற்றையும் சேர்த்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான். பவளப்பாறை மேல் உட்கார்ந்திருக்கும் மணல் திட்டுகள். அடியில் உப்புத் தண்ணீர் மேல் மெல்லிய படலமாக மழைநீர் நிற்கிறது, அதுதான் கிணற்றுக்கு வருகிறது. நேரில் பார்த்த பிறகு, ஆள் எண்ணித்தான் உள்ளே விட வேண்டும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

போக இரண்டு வழி. கொச்சியிலிருந்து அகத்தி தீவுக்குச் சின்ன விமானம், இல்லாவிட்டால் கப்பல். நாங்கள் தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பு நடத்தும் ‘சமுத்திரம்’ என்ற 5 நாள் கப்பல் பயணத்தைப் பிடித்தோம். கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவு. பகலில் தீவில் இறங்கிச் சுற்றலாம், ராத்திரி கப்பலில் தூக்கம். நம் தாள்களை வாங்கிக்கொண்டு பெர்மிட்டையும் அவர்களே எடுத்துத் தந்துவிடுகிறார்கள். வயதானவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதி விடுதியாக அலைய வேண்டியதில்லை.

இதை நேரடியாகவே செய்திருக்கலாம். நான் முதலில் ஒரு ஏஜென்டிடம் முன்பணம் கொடுத்தேன். மூன்று வாரம் “ஆகிடும் சார்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். விசாரித்துப் பார்த்தால் விண்ணப்பமே போடவில்லை. பணம் திரும்பி வந்தது, ஆனால் டிசம்பர் இடங்கள் போய்விட்டன. யாரிடம் கொடுத்தாலும் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்களை அதிகம் அலைய விட்டது போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ். தமிழ்நாடு காவல் துறையின் இணையச் சேவையில் விண்ணப்பித்தோம்; நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்து, கைக்கு வர எங்களுக்கு 12 நாள் ஆனது. அம்மாவுடையது மட்டும் கொச்சியில் உள்ள சுற்றுலா அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. காரணம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறது, சான்றிதழில் ஒற்றை எழுத்தாக முன்னால் இருக்கிறது. நமக்கு இரண்டும் ஒன்றுதான். கொச்சியில் பார்க்கிறவருக்கு இரண்டு ஆள். திருத்தி வாங்க இன்னும் 9 நாள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லாத் தாளிலும் போடுங்கள். கேட்கும் தாள்கள் அவ்வப்போது மாறுகின்றன, அதனால் விண்ணப்பிக்கும் முன் லட்சத்தீவு நிர்வாகத்தின் தளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தேதி. இந்தப் பயணத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: முன்னும் பின்னும் இரண்டு இரண்டு நாள் சும்மா விட்டுவையுங்கள். கடலையும் தீவு மக்களின் தேவையையும் பார்த்துத்தான் கப்பலை விடுகிறார்கள். அது நம் லீவுக்காக ஓடும் கப்பல் இல்லை. அங்கே இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வந்து போகும் கப்பல். எங்களுக்குப் புறப்பாடு ஒரு நாள் தள்ளிப்போனது. கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஒரு நாள் முன்பே வந்திருந்ததால் லாட்ஜில் இன்னொரு நாள் இருந்துகொண்டோம். அன்று காலைதான் வந்து இறங்குவது மாதிரி ரயில் போட்டிருந்த குடும்பம் ஒன்று, திரும்பும் டிக்கெட்டை மாற்ற முடியாமல் கொச்சி வில்லிங்டன் தீவில் உள்ள அந்தச் சுற்றுலா அலுவலக வாசலில் கலங்கி நின்றது.

கப்பல் பெரிது, 700 பேர் போகலாம். முதல் ராத்திரி அம்மா குழந்தை மாதிரி தூங்கினார். மினிக்காய்க்குப் போன ராத்திரிதான் கஷ்டம். அந்தத் தீவு மற்றவற்றிலிருந்து வெகுதூரம் தெற்கே தனியாக இருக்கிறது. நடுவில் ஒன்பது டிகிரி கால்வாய் என்னும் ஆழமான கடல். கப்பல் நன்றாக ஆடியது. வாந்தி மாத்திரையை ஆட்டம் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். என் மனைவி போட்டுக்கொண்டார், தப்பித்தார். நான் போடவில்லை, விடியும்வரை படுக்க முடியவில்லை.

படகு மாறுவதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. கல்பேனியில் கப்பல் கரைக்குப் போகவில்லை, வெளிக்கடலிலேயே நின்றது. கப்பலின் விலாவில் ஒரு இரும்புக் கதவைத் திறந்தார்கள். கீழே சின்னப் படகு. அலை வரும்போது படகு வாசல் மட்டத்துக்கு ஏறுகிறது, அடுத்த நொடி இடுப்பளவு கீழே போகிறது. அது மேலே வந்து நிற்கிற அந்தக் கணத்தில் கால் வைக்க வேண்டும். அம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “நான் வரல, நீங்க போயிட்டு வாங்கடா” என்றார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. வாசலில் நின்ற சிப்பந்தி அவசரப்படுத்தாமல் மூன்று அலைகளைக் காட்டினார். நாலாவது அலைக்கு “அம்மே, இப்போள்” என்றார். அவர் இந்தப் பக்கம் தோளைத் தாங்க, படகிலிருந்தவர் அந்தப் பக்கம் மணிக்கட்டைப் பிடிக்க, அம்மா படகில் நின்றுகொண்டிருந்தார். விரலைப் பிடித்தால் வழுக்கிவிடும். அவர்கள் மணிக்கட்டைத்தான் பிடிக்கிறார்கள், நாமும் அப்படியே நீட்ட வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். முதுகில் மாட்டும் பை மட்டும் போதும், பெட்டி கேபினிலேயே இருக்கலாம். புடவையைவிடச் சுடிதார் வசதி. அவர்கள் சொல்லும் வரை காலைத் தூக்கவே தூக்காதீர்கள். முழங்கால் வலி அதிகம் உள்ளவர்களை அழைத்துப் போவதை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள்.

கரைக்குப் போய்விட்டால் எல்லாம் எளிது. மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. மற்ற தீவுகளில் மலையாளம் பேசுகிறார்கள், நம் தமிழும் ஓரளவு புரிகிறது. மினிக்காயில் பேசுவது மஹல், மாலத்தீவு மொழியின் உறவு. கவரத்தியில் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று மகள் கேட்டாள். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-இல் அங்கே ஒரு ஆலை அமைத்தது. மேல்மட்டத்து வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்று நீக்கிய கலனுக்குள் ஆவியாக்கி, ஆழ்கடலிலிருந்து இழுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைத் தண்ணீராக மாற்றுகிறார்கள். நாளுக்கு 1 லட்சம் லிட்டர். அன்றைக்கு மகள் வாளியைப் பாதிதான் நிரப்பிக் குளித்தாள்.

சில்லறை விஷயங்கள்: கையில் ரொக்கம் வேண்டும், ஏ.டி.எம்.மை நம்பிப் போகாதீர்கள். வழக்கமான மருந்துகளைப் பயண நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் வசிக்கும் தீவுகளில் மது கூடாது. ஊருக்குள் உடம்பை மூடிய உடைதான் மரியாதை. தண்ணீரில் இறங்க ரப்பர் செருப்பு வேண்டும், பவளம் கீறினால் ஆற நாளாகும்.

பவளத்தை எடுத்து வருவது குற்றம், கரையில் செத்து ஒதுங்கியதாக இருந்தாலும். வனவிலங்குச் சட்டத்தில் அதற்குப் புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மகள் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டைச் சட்டைப் பையில் போட்டிருந்தாள். மினிக்காயில் படகுக்குக் காத்திருந்தபோது அம்மாதான் கவனித்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரம் வரை நடந்து போய், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குள் படகு வந்துவிட்டது. இந்த முறை அம்மா தானாகவே மணிக்கட்டை நீட்டினார்.