வட்டக்கானலிலிருந்து கும்பக்கரை வரை: தண்ணீரைச் சுமந்து ஓடுவது எப்படி?

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தொடங்கி, டால்பின் நோஸ் பாறையைக் கடந்து, வெள்ளகவி கிராமத்தின் வழியாகப் பெரியகுளம் பக்கத்திலுள்ள கும்பக்கரைக்கு இறங்கும் மலைப்பாதை, ஓடுபவரைத் தண்ணீரைப் பற்றி நிறையவே யோசிக்க வைக்கிறது. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் குளிரில் கிளம்பி, 400 மீட்டர் அளவிலான அடிவாரத்தில் ஓட்டத்தை முடிக்கிறோம். ஆயிரம் மீட்டர் இறங்கினால் வெப்பம் ஆறேழு டிகிரி கூடும் என்பது பொதுவான கணக்கு. காலையில் காற்றுத் தடுப்புச் சட்டையோடு புறப்பட்ட உடம்பு, முற்பகலில் வியர்வையில் ஊறிவிடுகிறது. கால்கள் சோரத் தொடங்கும் பிற்பாதியில்தான் தாகமும் அதிகமாகிறது என்பதால், எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வியோடு அதை உடம்பில் எங்கே வைப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

கையில் பட்டையால் பிணைத்துப் பிடிக்கும் அரை லிட்டர் பாட்டில் ஏரியைச் சுற்றி ஓடப் போதுமானது. இந்தப் பாதைக்கு அது ஒத்துவராது. டால்பின் நோஸுக்குப் போகும் வழியிலேயே மர வேர்கள் படிக்கட்டுப் போலப் பின்னிக் கிடக்கின்றன. ஈரப் பாறையில் கால் வழுக்கினால் ஊன்றிக்கொள்ள இரண்டு கைகளும் வேண்டும். இடுப்புப் பட்டையில் பாட்டிலைச் செருகிக்கொண்டால் கைகள் ஓய்வாக இருக்கும். ஆனால் செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு குதிப்புக்கும் பட்டை மேலேறி வயிற்றை அழுத்துவதால், நான் அதையும் விட்டுவிட்டேன்.

முதுகில் சுமக்கும் குழாய் வைத்த தண்ணீர்ப் பையின் கதை சுவையானது. 1988இல் டெக்சாஸின் கடும் வெயிலில் நடந்த சைக்கிள் பந்தயத்துக்காக, மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவ உதவியாளர் சலைன் பையில் தண்ணீரை நிரப்பி, நீண்ட காலுறைக்குள் இட்டு, தம் சட்டையின் முதுகில் பொருத்திக்கொண்டார். கேமல்பேக் என்ற தண்ணீர்ப் பை பிறந்தது அதிலிருந்துதான். அதிகம் குலுங்காத சைக்கிள்காரரின் முதுகுக்கு ஏற்ற பொருள் அது. ஓடுபவர் பையைக் கவிழ்த்து, குழாய் வழியே காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டால், தண்ணீர் தளும்பும் ஓசையும் ஆட்டமும் பெருமளவு அடங்கிவிடும். இருந்தாலும், எவ்வளவு குடித்தோம், எவ்வளவு மீதி இருக்கிறது என்பது பை முதுகில் இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அது பெரிய குறை.

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் என்ற உப்புச் சத்து இயல்பான அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது மிகுதியாகக் குடித்து உடல் எடை கூடியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. குறைவாகக் குடிப்பதைப் போலவே அளவு தெரியாமல் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்தாகலாம் என்பதால், மீதியைக் கண்ணால் பார்க்க முடிவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஆகவே என் தேர்வு, மார்புப் பக்கம் இரண்டு பைகள் வைத்த ஓட்ட வெஸ்ட்டும் அவற்றில் செருகும் அரை லிட்டர் மென்குடுவைகள் இரண்டும்தான். குடிக்கக் குடிக்கக் குடுவை சுருங்கிவிடுவதால் உள்ளே காற்று நிற்பதில்லை, தளும்பலும் இல்லை. வாய்முனையைப் பல்லால் லேசாகக் கடித்தால் தண்ணீர் வரும். எடை இரு பக்கமும் சமமாக நிற்க இரண்டிலும் மாறி மாறிக் குடிக்க வேண்டும். ஒன்றில் வெறும் தண்ணீரும், மற்றொன்றில் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) தூள் பொட்டலத்தில் சரிபாதியைக் கரைத்த தண்ணீரும் வைக்கிறேன். பொட்டலத்தைப் பாதியாக்கும் வேலையை அறையிலேயே முடித்துவிடுவது நல்லது. மலைக்காற்றில் தூள் பறந்து அளவு தவறிப்போகும். மோன்ட் பிளாங்க்கைச் சுற்றும் யூ.டி.எம்.பி. ஓட்டத்திலும் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லும் வசதி கட்டாயம்.

மூன்றாவது குடுவை ஒன்றைக் காலியாக மடித்து முதுகுப்பையில் வைத்துக்கொள்கிறேன். மேலே குளிரில் அதை நிரப்பிச் சுமப்பது வீண். வெள்ளகவியில், ஊர் வழக்கத்தை மதித்துக் காலணிகளைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்து, ஒரு வீட்டில் கேட்டுத் தண்ணீர் வாங்கி மூன்றையும் நிரப்பிக்கொண்டால், வெயில் ஏறும் கீழ்ப்பாதிக்கு ஒன்றரை லிட்டர் கையிருப்பு இருக்கும். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், கடையில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தோடு யாரும் வர வேண்டாம்.

மார்ச் முதல் மே வரை வழியிலுள்ள ஓடைகள் வற்றிவிடும், ஊரிலும் தண்ணீர் அருமையாகிவிடும். அந்த மாதங்களில் அவர்களுடைய குடத்தை நம்பி இறங்குவது முறையாகாது. வனத்துறையிடம் அனுமதி கேட்கும்போதே பாதையின் நிலையையும் விசாரித்து, நிரப்பிய இரண்டு குடுவைகளோடு முதுகில் ஒரு லிட்டர் பையையும் கூடுதலாக மாட்டிக்கொண்டு, இரண்டு கிலோ சுமைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்து விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.