பனாட்டுக்கு ஒரு வீடு

2025 மார்ச் 9

பனாட்டு என்ற நாய் எங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு பதினொரு நாள். பனம்பழக் களியை வெயிலில் காயவைத்துச் செய்யும் பனாட்டின் நிறம் என்பதால் அம்மா வைத்த பெயர். வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கடலோரக் கற்களுக்குள் இரண்டு நாளாக ஒடுங்கிக் கிடந்தவள். கடைக்காரத் தம்பி ஒருவரும் நானும் நெத்தலிக் கருவாடு போட்ட சோற்றைக் காட்டிக் காட்டித்தான் வெளியே எடுத்தோம்.

இரவு குசினியில் குக்கர் விசில் அடித்தது. சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். அதற்குள் எப்படிப் புகுந்தாளோ தெரியாது, ஒன்றரை மணித்தியாலம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, மூக்கைத் திரும்பத் திரும்ப நக்கிக்கொண்டிருந்தாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் குக்கரை மேல் தட்டில் ஏற்றிவிட்டார். இனிப் பருப்பு சட்டியில்தான் அவியும்.

மார்ச் 14

மிருக வைத்தியரிடம் போய் வந்தோம். வயது இரண்டு இருக்கலாமாம். உண்ணிக் காய்ச்சல் இல்லை. விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று. கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துத் தந்தார்.

“அடி வாங்கியிருப்பாளா டொக்டர்?” என்று கேட்டேன். அடியே வாங்காமலும் இப்படி ஆகும் என்றார். குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரைதான் உலகத்தைப் பயமில்லாமல் பழகிக்கொள்ளும் காலம். அந்த வாரங்களில் மனிதக் கையையும் வீட்டுச் சத்தங்களையும் அறியாத குட்டிக்குப் பிறகு எல்லாமே அந்நியம். மாற முடியாது என்றில்லை, நாள் எடுக்கும். எத்தனை நாள் என்று கேட்டேன். “அதை அவள்தான் சொல்ல வேண்டும்” என்றார்.

எங்களிடம் அந்த நாட்கள் இல்லை. எங்கள் ஃபிளாட்டில் நாய் வைக்கக் கூடாது, மே முடியும்வரை அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதை விட்டாலும் இது அவளுக்கான இடமில்லை. முன்னால் காலி வீதி பஸ் ஹோர்ன், பின்னால் ரயில். ஒவ்வொரு ரயிலுக்கும் எழும்பி நிற்கிறாள். நிம்மதியாக நித்திரை கொள்ளாத நாய் எதைப் பழகும்?

மார்ச் 20

வீடு தேடி அறிவித்தல் எழுதினேன். இரண்டு தரம் கிழித்தேன். முதலில் ‘அன்பான, அழகான நாய்’ என்று எழுதியிருந்தேன். பொய்யில்லைதான். ஆனால் அதை நம்பி வருகிறவர் இரண்டாம் நாளே மடியில் தூக்கி வைக்கப் பார்ப்பார். கடைசியில் இப்படி எழுதினேன்: ‘தொட விடமாட்டாள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிடமாட்டாள். மாதக்கணக்கில் இப்படியே இருக்கலாம். சிறு பிள்ளைகள் இல்லாத, சத்தம் குறைந்த, பெரியவர்கள் மட்டுமே இருக்கும் வீடு வேண்டும். அமைதியான இன்னொரு நாய் இருந்தால் நல்லது.’

இதைப் படித்துவிட்டு யார் வருவார் என்றார் அம்மா. வருகிறவர் ஒருவர் போதும் என்றேன்.

மார்ச் 26

அறிவித்தலைப் பார்த்து நான்கு பேர் போன் எடுத்தார்கள். ஒருவருக்குக் காவலுக்கு நாய் வேண்டுமாம், சங்கிலியில் கட்டி கேற்றடியில் விடுவாராம். “பயந்த நாய்தான் நல்லாக் குரைக்கும்” என்றார். மரியாதையாக ‘இல்லை’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பிறகு கை நடுங்கியது.

கஷ்டமாக இருந்தது கொட்டாஞ்சேனைக் குடும்பத்துக்கு மறுத்ததுதான். நல்ல சனம். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். சின்னவள் போனை வாங்கி, “நாங்கள் சத்தமே போடமாட்டோம் அன்ரி” என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆனால் பிள்ளை பிள்ளையாகத்தானே இருக்கும்? ஓடும், விழும், கட்டிப்பிடிக்கக் குனியும். பனாட்டுக்குத் தப்பியோட வழி இருக்கும்வரை ஓடுவாள், மூலையில் மாட்டினால் பல்லைத்தான் காட்டுவாள். குனிந்த பிள்ளையின் முகம் அவள் வாய்க்கு நேரே இருக்கும். ஒருதரம் கடித்துவிட்டால் பிள்ளைக்கும் காயம், பனாட்டுக்கும் ‘கடிநாய்’ என்று பெயர், அதன் பிறகு ஒரு கதவும் திறக்காது. தாயிடம் இதைச் சொன்னேன். விளங்கிக்கொண்டார்.

இந்த நாட்டில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை 2006இல் நிறுத்தினார்கள். அதில் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இவள் தெருவில் பிழைக்கத் தெரிந்த நாய் இல்லை. தெருநாய் ஆட்டோவைப் பார்த்து விலகும், இவள் ஆட்டோவுக்கு வெருண்டு பஸ்ஸுக்குள் ஓடுவாள்.

ஏப்ரல் 3

இன்று வத்தளை, ஹேகித்தையிலிருந்து ஒரு அன்ரி வந்தார். அச்சகமொன்றில் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் தம்பியும் மட்டும்தான் வீட்டில், கூடவே பதினொரு வயதுக் கிழட்டு நாய் ஒன்று.

வந்தவர் நாய் எங்கே என்று கேட்கவில்லை. தேத்தண்ணீர் குடித்தார். பிறகு கதிரையை விட்டு இறங்கி, பனாட்டு கிடந்த மேசைக்குப் பக்கவாட்டாக, முகத்தை யன்னல் பக்கம் திருப்பி நிலத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். பென்சிலால் பிழைகளைத் திருத்தத் தொடங்கினார், பழக்கதோஷம் என்று சொல்லிக்கொண்டே. நாற்பது நிமிடம். ஒருதரம்கூட அவளைக் கூப்பிடவில்லை, கை நீட்டவில்லை. போகும்போது, “அடுத்த கிழமையும் வரட்டா பிள்ளை?” என்றார்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. அயலெல்லாம் வெடி. குளியலறையில் மெத்தை விரித்து, கதவை மூடி, மின்விசிறியைப் பெரிதாகப் போட்டு அவளோடு இருந்தேன். வைத்தியர் முன்கூட்டியே தந்த மாத்திரை கொஞ்சம் உதவியது. ஆனாலும் வாயால் எச்சில் ஒழுக நடுங்கிக்கொண்டே இருந்தாள். இத்தனை நாள் பழகியதில் பாதி கரைந்து போனதுபோல் இருக்கிறது. பெரிய பயத்துக்குப் பிறகு உடம்பு அடங்கவே சில நாட்களாகுமாம்.

அன்ரிக்குப் போன் பண்ணி, யோசித்துச் சொல்லுங்கள், மனம் மாறினால் குறையாக நினைக்கமாட்டேன் என்றேன். “நான் இதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்” என்றார்.

ஏப்ரல் 27

ஐந்தாம் தரம். அன்ரி வழக்கம்போல நிலத்தில். பக்கத்தில், உள்ளங்கை மேலே பார்க்க விரித்த இடக் கை. அதில் அவித்த கோழித் துண்டு ஒன்று. பனாட்டு மேசைக்குக் கீழிருந்து கழுத்தை நீட்டினாள். பின்னங்கால் இரண்டும் ஓடத் தயாராகப் பின்னுக்கே நின்றன. உடம்பு ரப்பர்போல இழுபட்டது. மூக்கு விரலில் பட்டதும் பின்வாங்கினாள், திரும்ப நீட்டினாள். துண்டை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. அங்கேயே நின்று மென்றாள். பிறகு வெறும் கையை நக்கினாள், மூன்று தரம். அன்ரி பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் பென்சில் அசையாமல் நின்றுவிட்டது.

குசினி வாசலில் அம்மா அழுதுகொண்டிருந்தார்.

மே 3

கொண்டுபோய் விட்டேன். கழுத்துப் பட்டியில் ஒரு கயிறு, மார்புப் பட்டியில் ஒரு கயிறு, இரண்டும் என் இடுப்போடு. புது இடத்தில் முதல் நாட்களில்தான் இப்படிப்பட்ட நாய்கள் நழுவி ஓடித் தொலைகின்றன. களனிப் பாலம் தாண்டும்வரை காருக்குள் முனகினாள். கேற்றைப் பூட்டிய பிறகுதான் கார்க் கதவைத் திறந்தோம். கிழட்டு நாய் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்ப விறாந்தையில் படுத்துக்கொண்டது. பனாட்டு அதற்குப் பின்னாலேயே போனாள்.

மே 6

மூன்று நாளில் இரவில் மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறாளாம். நான் வரட்டா என்று கேட்டேன். “வேண்டாம் பிள்ளை. நீங்கள் வந்து திரும்பிப் போனால் அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்” என்றார். சரி என்றேன். அம்மா அவளுடைய சாப்பாட்டுக் கிண்ணத்தை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

மே 12

வெசாக், பௌத்தர்களின் பெருநாள். கடலோரம் மரைன் டிரைவ் பக்கம் சனம், வெளிச்சக் கூடுகள், இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சல்களின் ஒலிபெருக்கி. இரவு எட்டு மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் போன் எடுத்தேன். அங்கேயும் சத்தம்தானாம். பின்னறையில் யன்னலைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். கிழட்டு நாய்க்குப் பக்கத்தில் பனாட்டு படுத்திருக்கிறாள், பின்னேரமும் சாப்பிட்டாளாம்.

கதைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

“அன்ரி, குக்கரா? அவள் எங்கே?”

“இங்கேதான். காதை நிமிர்த்தினாள்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “திரும்பத் தலையைக் கீழே வைத்துவிட்டாள்.”

இரண்டாவது விசிலும் எனக்குக் கேட்டது.